ஆளுக்கு என்ன ஆச்சு?

எல்.எல்.எம். படித்தவர்களிடம் யாரும் சட்ட ஆலோசனை கேட்கக் கூடாது என்று பார்லிமென்ட்டில் ஒரு மசோதா வந்தால், கேலரியில் உட்கார்ந்து கைதட்டும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். தன்னடக்கத்தில் சொல்லவில்லை. பட்டம் வாங்கியதிலிருந்து என் ஆலோசனையால் பாதிக்கப்பட்டவர்கள் வாணியம்பாடியிலும் சென்னையிலுமாகப் பரவிக் கிடக்கிறார்கள். சங்கம் வைத்தால் அவர்களுடைய கோரிக்கைகள் நியாயமாகவே இருக்கும்.

பி.எல். முடித்தவனுக்குச் சட்டம் கொஞ்சம் தெரியும். தெரியாதது எவ்வளவு என்பதும் தெரியும். மேல்படிப்பு அந்த இரண்டாவது அறிவைப் பிடுங்கிக்கொள்கிறது. அரசியல் சட்டம், சர்வதேசச் சட்டம், சட்டத் தத்துவம், ஆராய்ச்சி முறை என்று தாள் தாளாக எழுதி, கெல்சன், ஹார்ட், டுவார்க்கின் என்று பெயர்களை நாக்கில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தவனிடம் பட்டா மாறுதலுக்கு எங்கே மனுக் கொடுப்பது என்று கேட்டுப் பாருங்கள். "அது கொஞ்சம் சிக்கலான விஷயம்..." என்று ஆரம்பிப்பான். நான் ஆரம்பித்தேன். கேட்டவர் அதற்குள் இ-சேவை மையத்துக்குப் போய் வேலையை முடித்துவிட்டார்.

என் சறுக்கல்களில் மூத்தது கேசவானந்த பாரதி.

இந்திய அரசியல் சட்டம் படிக்கிற எவரும் தாண்டிப்போக முடியாத வழக்கு அது. 1973 ஏப்ரல் 24 அன்று தீர்ப்பு. 13 நீதிபதிகள், 68 நாள் வாதம், 11 தனித்தனித் தீர்ப்புகள், கடைசியில் 7க்கு 6. பார்லிமென்ட் அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்க முடியாது என்ற கோட்பாடு அன்றுதான் நிலைபெற்றது. 1989இல் வங்கதேச உச்ச நீதிமன்றம்கூட அதை எடுத்துக்கொண்டது.

செமினாருக்கு இந்த வழக்கை நானே கேட்டு வாங்கினேன். நூற்றுக்கணக்கான பக்கம் நீளும் தீர்ப்பை வரி விடாமல் படித்தவன்போல அந்தத் தடித்த வால்யூமை மேசைமேல் வைத்துக்கொண்டேன். உண்மையில் படித்தது ஹெட்நோட்டும், நீதிபதி எச்.ஆர். கன்னாவின் தீர்ப்பில் மஞ்சள் மார்க்கர் போட்டிருந்த பத்திகளும்தான். அந்த மார்க்கரும் நான் போட்டதில்லை. லைப்ரரி புத்தகத்தை எனக்கு முன்னால் எடுத்த யாரோ ஒரு புண்ணியவான் போட்டது.

பேச்சு என்னவோ பிரமாதமாகப் போனது. மனுதாரர் பக்கம் பால்கிவாலா, கேரள அரசின் பக்கம் சீர்வை. தலைமை நீதிபதி சிக்ரி தீர்ப்புச் சொன்ன மறுநாள் ஓய்வு பெற்றது, மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என். ரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தது, இந்தக் கோட்பாட்டின் விதை 1965இல் கான்ராட் என்ற ஜெர்மன் பேராசிரியர் பனாரஸில் ஆற்றிய உரையில் இருந்தது என்று ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து முதல் வருஷத்துப் பெண் ஒருவர் கையைத் தூக்கினார்.

"சார், அந்தச் சாமியாருக்கு நிலம் திரும்பக் கிடைச்சுதா?"

நிலம் என்று ஒன்று அந்த வழக்கில் இருப்பதையே நான் மறந்து போயிருந்தேன். ஆனாலும் தயங்கவில்லை. "கேஸ் ஜெயிச்சவருக்கு எப்படிம்மா கிடைக்காமப் போகும்?" என்றேன்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "அப்படியா?" என்றார். பேராசிரியர்கள் 'அப்படியா' என்றால் அப்படி இல்லை என்று அர்த்தம்.

காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் மடத்து நிலம் போகிறது என்று 1970இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே 29வது திருத்தம் வந்து, அந்தச் சட்டத்தின் திருத்தங்களை ஒன்பதாம் அட்டவணையில் கொண்டுபோய் வைத்தது. பெரும்பான்மை நீதிபதிகள் அரசியல் சட்டத்தைக் காப்பாற்றினார்கள். கூடவே 29வது திருத்தம் செல்லும் என்றும் சொல்லிவிட்டார்கள். கோட்பாடு பிறந்தது, நிலம் போனது போனதுதான். 2020இல் அவர் காலமானபோது பத்திரிகைகள் எல்லாம் அவரை அரசியல் சட்டத்தைக் காத்தவர் என்று எழுதின. அவர் காக்கப் போனது மடத்து நிலத்தை.

இதைப் பேராசிரியர் சொல்லி முடித்தார். நான் தண்ணீர் குடித்து முடித்தேன்.

அந்தப் பெண்ணின் கேள்வி என் மனசாட்சியை உலுக்கியது என்று எழுதத்தான் ஆசை. அன்று சாயங்காலமே மறந்துவிட்டேன். அடுத்த செமினாருக்கும் அவர் வருவார் என்ற பயம்தான் என்னை லைப்ரரிக்கு விரட்டியது. இனி எந்த வழக்கைப் பேசினாலும் ஆளுக்கு என்ன ஆச்சு என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, பாடத்திட்டத்தின் பெரிய பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். திறக்கத் திறக்க, அதுவரை நான் எழுதிய விடைத்தாள்களை யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கக் கூடாதே என்றுதான் தோன்றியது.

சென்னை மாகாணத்திலிருந்தே தொடங்கினேன், நம்ம ஊர் வழக்காயிற்றே என்று. செண்பகம் துரைராஜன், 1951. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்துக் கொடுத்த அரசாணையை எதிர்த்த வழக்கு. அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, தமிழ்நாடு கொதித்தது, அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து 15(4) பிறந்தது. இதை நான் 'மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட மாணவி' என்று ஆரம்பித்தே எப்போதும் எழுதுவேன். அவர் விண்ணப்பமே போடவில்லை! விசாரித்துப் பார்த்ததில் கிடைக்காது என்று தெரிந்ததாகத்தான் மனுவில் சொல்லியிருக்கிறார். இது தீர்ப்பிலேயே இருக்கிறது. போடாத விண்ணப்பத்தை நான் எத்தனை பரீட்சையில் நிராகரித்திருக்கிறேன் என்பது என்னோடு இருக்கட்டும்.

அடுத்து ஏ.கே. கோபாலன். 1950. தடுப்புக் காவல் சட்டத்தில் சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர். உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21வது பிரிவைத் தனியாகப் பார்க்காமல் மற்ற அடிப்படை உரிமைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கேட்டார். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில், அன்று கோபாலன் சொன்னதன் பக்கம் நீதிமன்றம் வந்து சேர்ந்தது. கோபாலன் 1977 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம்.

சரி, மேனகா காந்தியாவது ஜெயித்தாரே என்று அந்தத் தீர்ப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அந்தப் பக்கத்துக்கு நான் போவது அதுவே முதல் தடவை. அரசு அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கியதுதான் வழக்கு. எந்த நடைமுறையும் நியாயமாக, நேர்மையாக, காரணத்தோடு இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிய நீதிமன்றம், அவர் தரப்பைக் கேட்கிறோம் என்று அட்டர்னி ஜெனரல் உறுதி கொடுத்ததைக் குறித்துக்கொண்டு, முறையான உத்தரவு எதுவும் போடாமலே மனுவை முடித்துவைக்கிறது. பாஸ்போர்ட்? மறு உத்தரவு வரும்வரை நீதிமன்றப் பதிவாளர் வசம் இருக்கட்டும் என்கிறது. நாட்டில் எத்தனையோ பேருடைய வழக்கில் 21வது பிரிவைப் பெரிதாக்கிய தீர்ப்பு. அதன் மனுதாரருடைய பாஸ்போர்ட் அன்று சாயங்காலம் பதிவாளர் வசம் இருந்தது. 'மேனகா காந்தி வெற்றி பெற்றார்' என்று அடிக்கோடிட்டு எழுதி நான் வாங்கிய மார்க்கைப் பல்கலைக்கழகம் இனி திருப்பிக் கேட்காது என்று நம்புகிறேன்.

சர்வதேசச் சட்டத்தில் என் சேதம் வேறு வகை. அங்கே நான் கோட்பாட்டை வாழ்க்கையில் பிரயோகித்துப் பார்த்தேன்.

1926 ஆகஸ்ட்டில் நடுக்கடலில் பிரான்ஸின் லோட்டஸ் கப்பலும் துருக்கியின் போஸ்-குர்ட் கப்பலும் மோதின. துருக்கியர்கள் 8 பேர் இறந்துபோனார்கள். லோட்டஸ் கான்ஸ்டான்டிநோபிளுக்கு வந்து சேர்ந்ததும், மோதிய நேரத்தில் பொறுப்பிலிருந்த பிரெஞ்சு அதிகாரி டெமோனைத் துருக்கி கைது செய்தது. எங்கள் ஆளை விசாரிக்க நீ யார் என்றது பிரான்ஸ். விசாரிக்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்றது துருக்கி. ஹேக்கில் இருந்த அன்றைய நிரந்தர நீதிமன்றத்தில் ஓட்டு 6க்கு 6 என்று நின்று, தலைவர் மாக்ஸ் ஹூபரின் ஓட்டால் துருக்கி ஜெயித்தது. தடை செய்யப்படாதது அனுமதிக்கப்பட்டதே என்று இதைச் சுருக்கி, ஒரு நூற்றாண்டாக மாணவர்கள் மனப்பாடம் செய்து வருகிறார்கள்.

இதைப் படித்த வாரம் ஹாஸ்டல் அறையில் ஒரு இண்டக்‌ஷன் ஸ்டவ் வாங்கி வைத்தேன். ஹாஸ்டல் விதிப்புத்தகத்தை முன்பின் அட்டையோடு படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். ஹீட்டர் கூடாது, அயர்ன் பாக்ஸ் கூடாது, ஸ்டவ் பற்றிப் பேச்சே இல்லை. ராத்திரி மேகி வாசனை பிடித்து வார்டன் வந்தார். நான் லோட்டஸ் வழக்கைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். 1927 என்று வருஷம் சொன்னபோது தலையைக்கூட ஆட்டினார். பிறகு, "கடைசி வரியைப் படிங்க தம்பி" என்றார். வார்டன் அவ்வப்போது போடும் உத்தரவுகளுக்கு மாணவர்கள் கட்டுப்பட வேண்டும் என்பது கடைசி வரி. அந்த உத்தரவை அங்கேயே, வாய்மொழியாக, அரைக்கை பனியனோடு நின்றபடி போட்டார். ஸ்டவ் அவர் கையில் போனது. மேகியும் போனது.

டெமோனுக்கு என்ன ஆச்சு என்று இந்த முறை மறக்காமல் பார்த்தேன். 80 நாள் சிறை, 22 பவுண்டு அபராதம். 1927 செப்டம்பரில் ஹேக்கில் தீர்ப்பு வரும்போது அவருக்கு விதித்த 80 நாள் எப்போதோ ஓடிப்போயிருந்தது.

லோட்டஸைக் கப்பல்காரர்கள் சும்மா விடவில்லை. கப்பல் மோதலில் அதிகாரியை விசாரிக்கும் உரிமை அவருடைய கப்பல் கொடி நாட்டுக்கு அல்லது அவருடைய சொந்த நாட்டுக்குத்தான் என்று 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 97வது பிரிவு எழுதிக்கொண்டது. அந்தப் பிரிவு 2012இல் நம் கரைக்கே வந்தது. கேரளக் கடலுக்கு அப்பால் எண்ணெய்க் கப்பல் எனரிகா லெக்ஸியில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படையினர், மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் செத்துப்போனார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சுட்டதைக் கப்பல் மோதலோடு சேர்க்க முடியாது, 97வது பிரிவு இதற்குப் பொருந்தாது என்று 2013இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 2020இல் நடுவர் மன்றம், சுட்ட கடற்படையினர் இருவரும் அரசுப் பணியில் இருந்தவர்கள், இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது, இத்தாலி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று முடித்தது. 10 கோடி ரூபாய் வந்த பிறகு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்கிருந்த வழக்கை மூடியது.

இந்த வழக்குக்கு எனக்கு நல்ல மார்க். விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தபோது, கொடி நாடு, கடலோர நாடு, சிறப்புப் பொருளாதார மண்டலம், விலக்குரிமை என்று பக்கங்கள் நிரம்பியிருந்தன. செத்துப்போனவர்கள் 'இரு நபர்கள்' என்று ஒரே ஒரு இடத்தில் வருகிறார்கள். அவர்கள் மீனவர்கள் என்றுகூட நான் எழுதவில்லை. திருத்தியவரும் அதற்கு மார்க் குறைக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு திருந்தினேன். திருந்தியதால் வைவாவில் மாட்டிக்கொண்டேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டது சுலபமான கேள்வி: "பிராந்திய வழமைச் சட்டத்தை நிரூபிக்க என்ன வேண்டும்? அசைலம் வழக்கை வைத்துச் சொல்லுங்கள்." ஒரே மாதிரியான நடைமுறை வேண்டும், அது சட்டக் கடமை என்ற உணர்வோடு பின்பற்றப்பட வேண்டும், இருப்பதாகச் சொல்கிற நாடுதான் அதை நிரூபிக்க வேண்டும். மூன்று வாக்கியத்தில் முடிந்திருக்கும். நான் ஆளிலிருந்து ஆரம்பித்தேன்.

"சார், ஆயா டி லா டோரே என்று பெருவில் ஒரு தலைவர். 1948இல் அங்கே நடந்த கிளர்ச்சி தோற்றுப்போனதும் அவரைத் தேடினார்கள். 1949 ஜனவரியில் லிமாவில் இருந்த கொலம்பியத் தூதரகத்துக்குள் போய்விட்டார். வெளியே அனுப்பு என்றது பெரு. பத்திரமாக நாட்டைவிட்டுப் போக வழிவிடு என்றது கொலம்பியா. சர்வதேச நீதிமன்றம் 1950இல், அவருக்கு வழிவிட வேண்டிய கட்டாயம் பெருவுக்கு இல்லை, அடைக்கலம் கொடுத்ததும் முறையில்லை என்றது. 1951இல் திரும்பப் போய்க் கேட்டால், அடைக்கலம் முடிவுக்கு வர வேண்டும், ஆனால் ஆளைப் பிடித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் கொலம்பியாவுக்கு இல்லை என்றது. வைத்திருக்கவும் கூடாது, கொடுக்கவும் வேண்டாம்! மனிதர் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கிடந்தார் சார். 1954இல்தான் இரண்டு நாடும் பேசி முடித்து வெளியே விட்டார்கள். 5 வருஷம்!"

சொல்லி முடித்தபோது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் கேட்டது வழமைச் சட்டம். நீங்க சொன்னது படத்தோட கதை. சரி, நிரூபிக்கிற பொறுப்பு யாருக்கு?"

ஆயா டி லா டோரேயின் ஐந்து வருஷத்திலிருந்து நான் இன்னும் இறங்கி வரவில்லை. "பெருவுக்கு சார்" என்றேன். தப்பு. கொலம்பியாவுக்கு. கோட்பாடு தெரிந்தபோது ஆளைத் தெரியவில்லை. ஆளைத் தெரிந்துகொண்டால் கோட்பாடு கைவிடுகிறது. இரண்டும் ஒரே மண்டையில் நிற்கும் மனிதர்கள்தான் நல்ல நீதிபதிகளாக வருகிறார்கள்போல. என்னைப் 'பாஸ்' என்று போட்டு அனுப்பினார்கள்.

பட்டம் கைக்கு வந்த பிறகு முதல் கட்சிக்காரர் சித்தப்பா. ஆம்பூரில் சீட்டுப் பிடித்த ஒருவன் பணத்தைச் சுருட்டிக்கொண்டு பிடிகொடுக்காமல் திரிந்தான். "அவனை நானூத்தி இருபதுல உள்ள தள்ளணும். நீதான் மேல்படிப்புப் படிச்சவனாச்சே, புகார் எழுதிக் குடு" என்றார். ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். மோசடியின் கூறுகள், நம்பிக்கை மோசடிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், அடிக்குறிப்புகள். காவல் நிலையத்துக்கு அடிக்குறிப்போடு போன முதல் புகார் அதுவாகத்தான் இருக்கும்.

ஸ்டேஷன் ரைட்டர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். "சம்பவம் எப்ப சார்?"

"ஆகஸ்ட்டுல."

"அப்ப பழைய நம்பர் வராதே. 2024 ஜூலை ஒண்ணுலேர்ந்து பிஎன்எஸ். நானூத்தி இருபது இப்ப முன்னூத்திப் பதினெட்டு, உட்பிரிவு நாலு." மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு ஜெராக்ஸ் தாள் இருந்தது. இடது பக்கம் பழைய நம்பர், வலது பக்கம் புது நம்பர். 302க்கு எதிரே 103, 307க்கு எதிரே 109. டீ கிளாஸ் வைத்து வைத்து 420 இருந்த வரியின் மேல் மட்டும் கண்ணாடியில் வட்டவட்டமாகக் கறை. 511 பிரிவுகள் 358 ஆகச் சுருங்கியது பற்றியும், காலனியச் சட்டத்தின் எச்சங்கள் பற்றியும் நான் ஒரு கருத்தரங்கில் கட்டுரையே வாசித்திருக்கிறேன். நம்பரை மட்டும் பார்க்க மறந்துவிட்டேன்.

"விட்டுட்டுப் போங்க, அவனைக் கூப்பிட்டுக் கேக்குறேன்" என்றார் ரைட்டர். கூப்பிட்டார். பாதிப் பணம் வந்தது. மீதிக்குத் தவணை. என் புகார் மனு எந்தக் கோப்பிலும் ஏறாமல் அப்படியே திரும்பி வந்தது. சித்தப்பாவுக்கு அதில் வருத்தமில்லை. நம்பர் மாறியதில்தான் வருத்தம். "இனிமே ஒருத்தனை எப்படிடா திட்டறது? முன்னூத்திப் பதினெட்டுப் பயலேன்னா அவனுக்கே புரியாதே!"

கடைசியாகச் சொல்ல வேண்டியது என் ஆய்வேடு. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடும் வழமைச் சர்வதேசச் சட்டம் ஆகிவிட்டனவா என்பது தலைப்பு. 1972 ஸ்டாக்ஹோமில் தொடங்கி 1992 ரியோ வழியாக வந்தேன். நடுவில் 1969 வியன்னா ஒப்பந்தச் சட்ட உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்ட நாடு என்று எழுதி வைக்க, கைடு சிவப்பில் சுழித்து 'எப்போது?' என்று கேட்டிருந்தார். இந்தியா அதில் இதுவரை சேரவில்லை. அந்தச் சுழியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது அடுத்த அத்தியாயத்தில் வந்தது.

அந்த அத்தியாயத்தின் மைய வழக்கு வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம், 1996 ஆகஸ்ட் 28. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து 1991இல் போட்ட மனு. இந்த இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதினார். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனதாகத் தீர்ப்பு சொல்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பைக் கணக்கிட ஒரு ஆணையம். ஈட்டுத் தொகையைக் கலெக்டர் வசூலித்துப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இதற்கு நான் போட்ட அடிக்குறிப்பு: 'பாலாறு: தமிழ்நாட்டிலுள்ள ஓர் ஆறு.'

கைடு அந்தப் பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டு, "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். "வாணியம்பாடி சார்" என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அம்மா சமையலுக்கு வாங்கும் கேன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து வளர்ந்தவன் நான். அந்தக் கேனுக்கும் என் மூன்றாம் அத்தியாயத்துக்கும் சம்பந்தம் இருப்பதை அடிக்குறிப்பு எழுதும்போது யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று மாசுக்காகத் திரும்பவும் தீர்ப்புச் சொன்னபோது பெரியப்பா பேப்பரை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் ஸ்டாக்ஹோமிலிருந்து ஆரம்பித்தேன். ரியோ வரும்வரை பொறுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் சரிடா. அப்ப நஷ்ட ஈட்டுக்கு லிஸ்ட் எடுத்தாங்களே, அதுல நம்ம ஆத்தோர நெலம் இருக்குதா? எங்க அண்ணன்தான் பாத்துக்கினு இருந்தாரு. அவரும் பூட்டாரு, பேப்பரும் இல்ல. நீ அதுலதானே பட்டம் வாங்கியிருக்கற?"

ஆளுக்கு என்ன ஆச்சு என்று பெருவரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தவனுக்கு, சொந்தப் பெரியப்பாவுக்கு என்ன ஆச்சு என்று தெரியவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுவிடலாம் பெரியப்பா என்று உறுதி கொடுத்தேன். இதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று அடிக்குறிப்பு இல்லாமல், சர்வே நம்பர் போட்டு, ஒரே பக்கத்தில் எழுதி, வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. மனு, தகவல் உரிமைச் சட்டம் 6(3)இன்படி திருப்பத்தூர் மாவட்டத்துக்கு மாற்றப்படுகிறது. 2019லேயே வேலூரைப் பிரித்து, வாணியம்பாடியைத் திருப்பத்தூரில் சேர்த்துவிட்டார்கள். ஒரு நாடு உடைந்தால் அதன் சொத்தும் கடனும் ஆவணங்களும் யாருக்குப் போகும் என்பது பற்றி 1983 வியன்னா உடன்படிக்கையை வைத்து நான் பதினைந்து மார்க் விடை எழுதியவன். என் மாவட்டம் உடைந்ததை எனக்குத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார்.

பதிலுக்காகக் காத்திருக்கிறோம். அந்த மனுவில் ஒன்று மட்டும் சரியாக இருந்தது: பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். அதுவும் பெரியப்பா வாங்கி ஒட்டியது.